கடைக்கு வரும் பிள்ளைகள் ஏன் நிற்பதில்லை?

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் ஒரு அண்ணாச்சியின் கேள்வி இது: “கடையில் முப்பத்தைந்து பேர். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். மானூர், சீவலப்பேரி, முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். 25 வயதுக்குக் கீழே உள்ள யாரும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. தீபாவளிக்கு எடுத்த ஆள் பொங்கலுக்கு இல்லை. சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தும் போகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளை எப்படி வரவழைப்பது, வந்தவர்களை எப்படி நிறுத்துவது?”

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, தனியார் பள்ளி, கங்கைகொண்டான் பக்கம் சின்னப் பட்டறை என்று பல இடத்துச் சம்பளப் பட்டியல் மாதாமாதம் என் மேஜைக்கு வரும். எந்த இடத்தில் ஆள் நிற்கிறது, எந்த இடத்தில் ஓடுகிறது என்பதை முதலாளி வாயால் கேட்க வேண்டியதில்லை. பெயர்கள் மாறுகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே சம்பளம் கொடுக்கும் இரண்டு கடைகள். ஒன்றில் வருடக்கணக்காக அதே பெயர்கள். இன்னொன்றில் ஒவ்வொரு சீசனுக்கும் புதுப் பட்டியல். அதனால் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு கடையிலும் இருப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான்.

சம்பளம் ஏற்றியும் போகிறார்கள் என்கிறீர்கள். மூன்று வருடம் கழித்து இந்தக் கடையில் நாம் என்னவாக இருப்போம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதவரை, ஐநூறு ஆயிரம் ஏற்றுவதில் பெரிய பலன் இருக்காது. அடுத்த கடைக்காரர் இன்னொரு ஐநூறு சேர்த்துக் கொடுத்தால் அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். நாம் அந்த வயதில் இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் ஒரு பையனுக்கு 22,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 போகும். பஸ், போன், கைச்செலவு 2,500. ஊருக்கு வந்து போக மாதச் சராசரியாக 1,500. மிச்சம் 9,000. இங்கே அதே பையனுக்கு நீங்கள் 14,000 கொடுக்கிறீர்கள், வீட்டிலிருந்து வருகிறான், பெட்ரோல், மதியச் சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 3,000 போனாலும் கையில் 11,000 நிற்கும். கணக்குப்படி நெல்லைதான் லாபம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள், பை தூக்கிக்கொண்டு நிற்பது யார் என்று. அவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியாமல் இல்லை. அங்கே இரண்டு வருடத்தில் 22,000 என்பது 30,000 ஆகும், இங்கே 14,000 என்பது 15,000 ஆகும் என்பதும் சேர்த்தே தெரியும்.

நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே கிடையாது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் மளிகைக்கடை வேலைக்குப் போனவர்களைப் பாருங்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை, விடியற்காலையிலிருந்து நடுராத்திரி வரை வேலை, லீவு என்ற பேச்சே கிடையாது. சின்னப் பிள்ளைகளைக்கூட அனுப்பினார்கள், அது கொடுமை. அதைப் பெருமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்று தெளிவாக இருந்தது. முதலில் பொட்டலம் மடிப்பான், அப்புறம் நிறுப்பான், அப்புறம் கொத்தவால்சாவடிக்குக் கொள்முதலுக்குப் போவான், அப்புறம் கல்லாவில் உட்காருவான். கொஞ்ச வருடத்தில் முதலாளியே இன்னொரு தெருவில் கடை பார்த்துக் கொடுத்து, சரக்கைக் கடனுக்குத் தரச்சொல்லி மொத்த வியாபாரியிடம் சொல்லி வைப்பார். எல்லாருக்கும் அப்படி நடந்ததா என்றால் இல்லை. ஆனால் நடந்த ஒருவனாவது ஒவ்வொரு ஊரிலும் இருந்தான். தன் ஊரிலிருந்து போய் அண்ணாச்சி ஆன ஒருவனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவன் ரயில் ஏறினான்.

இப்போது நம் கடைகளில் அந்தக் கஷ்டத்தில் பாதி அப்படியே இருக்கிறது, முடிவில் கிடைத்த கடை மட்டும் காணாமல் போய்விட்டது. 19 வயதில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் 29 வயதிலும் அதே பிரிவில் அதே சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நிற்கும் புதுப்பெண் அதைப் பார்க்கிறாள். உங்கள் கடையைப் பற்றி அவளுக்குக் கிடைக்கும் உண்மையான விளம்பரம் அந்த 29 வயதுக்காரிதான்.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில் எழுதுங்கள். சேர்ந்து மூன்று மாதம் பயிற்சி, அதற்கு இவ்வளவு சம்பளம். ஒரு வருடம் முடிந்தால் இவ்வளவு. இரண்டாம் வருடம் ஒரு பிரிவின் ஸ்டாக் முழுப் பொறுப்பு, அதற்கு இவ்வளவு. மூன்றாம் வருடம் பில்லிங் அல்லது கொள்முதல் உதவி. நன்றாகச் செய்கிறவர்களை உங்களோடு சூரத்துக்கோ ஈரோட்டுக்கோ சரக்கு எடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்பிள்ளைகள் என்றால் இரண்டு பேராக, வீட்டில் கேட்டுவிட்டு. ஒருமுறை கொள்முதலுக்குப் போய் வந்தவள் அந்தச் சரக்கை விற்கிற விதமே வேறாக இருக்கும். இன்ஸ்டாகிராமில் எந்த நிறம் ஓடுகிறது, எந்த பிளவுஸ் டிசைனைக் கேட்டு வருகிறார்கள் என்பது உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பது தனி லாபம். தாளில் எழுதியதை ஒரு பிள்ளை விஷயத்திலாவது குறித்த தேதியில் நிறைவேற்றிக் காட்டுங்கள். நிறைவேற்ற முடியாததை எழுதவே எழுதாதீர்கள்.

‘சொந்த ஊரில் இருந்துகொண்டு வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாமே’ என்று இன்டர்வியூவில் சொல்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதைச் சொன்னவுடனே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், சம்பளம் குறைச்சலாகத்தான் வரப்போகிறது என்று. அம்மா சமைத்துப் போடும் சோற்றை முதலாளி தன் சம்பளக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயமும் இல்லை. சொந்த ஊர் என்ற வசதியும் இப்போது உங்கள் ஒருவருக்கு மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 ஜிகாவாட் சூரியத் தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்து வைத்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். மானூர்ப் பிள்ளைக்கு அதுவும் பக்கம்தான். தூத்துக்குடியில் வின்பாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் தொடங்கியது, பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த பையன் அதைத்தான் முதலில் பார்ப்பான். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் இருக்கிறது. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, படிக்கிற காலத்திலேயே மாத உதவித்தொகை கொடுத்து, அப்புறம் வேலையும் கொடுக்கிற பள்ளியை அவர்கள் 2005 முதல் நடத்துகிறார்கள். ‘அது சாப்ட்வேர் கம்பெனி, நம்மால் முடியுமா’ என்பீர்கள். அந்த அளவுக்கு முடியாதுதான். ஆனால் பயிற்சி மாதங்களுக்குச் சம்பளத்தைப் பாதியாக வெட்டாமல் கொடுக்க எந்தக் கடைக்கும் முடியும்.

அடுத்தது சம்பளத் தேதி. தொகையைவிட இதற்காக ஆள் போனதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் பாதிப் பேருக்கு போன் தவணையோ பைக் தவணையோ ஓடுகிறது. 5-ஆம் தேதி தவணைக்காரன் பணம் எடுப்பான். நீங்கள் 12-ஆம் தேதி கொடுத்தால் அவனுக்கு அபராதம். சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள ஆலைகளுக்கு 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. ஒன்றாம் தேதி வங்கியில் விழுந்துவிடும் என்ற பெயர் வாங்கிவிட்டால் அதற்கே ஆள் வரும். கூடவே பே ஸ்லிப்பும் நியமனக் கடிதமும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கிவிட்டன. கட்டாயம் என்பதை விடுங்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டும். ‘கடைக்குப் போகிறாள்’ என்பது ‘வேலையில் இருக்கிறாள்’ என்று ஆகும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றிய அம்மாக்களுக்கு பி.எப். எண் உள்ள கம்பெனி பாஸ்புத்தகம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய மகள்கள்தான் இப்போது பட்டம் வாங்கிவிட்டு உங்கள் கடைக்கு வருகிறார்கள். பீடித்தட்டைத் தொட மாட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு இருந்த பி.எப். தனக்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

‘பிள்ளைகளே பி.எப். பிடிக்க வேண்டாம், கையில் கொடுங்கள் என்கிறார்கள்’ என்று சொல்வீர்கள். உண்மைதான், கேட்கிறார்கள். யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை, அதுதான் காரணம். 14,000 சம்பளத்தில் அவர் பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். நீங்களும் அதே அளவு போடுகிறீர்கள். வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு அதோடு சேர்ந்தே வருகிறது. இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். அதற்கு வண்ணார்பேட்டை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். போனில் பாஸ்புத்தகத்தைத் திறந்து, முதலாளி போட்ட தொகை ஏறியிருப்பதைக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும். சிலர் பிள்ளை வேண்டாம் என்று சொன்னதாக எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வு வந்தால் அந்தத் தாள் எதற்கும் உதவாது.

பணம் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பிரதமர் விக்சித் பாரத் ரோஸ்கார் யோஜனா, 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்குப் பொருந்தும். முதல்முறை பி.எப்.பில் சேரும் பிள்ளைக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணையாக நேராகக் கிடைக்கும். ஆறு மாதம் நின்றால் முதல் தவணை, ஒரு வருடம் நின்றால் இரண்டாவது. ஐம்பது பேருக்குக் கீழ் உள்ள உங்களைப் போன்றவர்கள் கூடுதலாக இரண்டு பேரையாவது எடுத்து ஆறு மாதம் வைத்திருந்தால், 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய் இரண்டு வருடத்துக்கு உங்களுக்கு வரும். நிற்பதற்குப் பிள்ளைக்கும் காசு, நிறுத்துவதற்கு முதலாளிக்கும் காசு. டவுனில் எத்தனை கடைக்காரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இனி உட்காரும் விஷயம். ஜவுளிக்கடைக்காரரிடம் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரை நிற்கிற பிள்ளைகளுக்கு 22 வயதிலேயே கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு நிறையக் கடைகளில் நாற்காலி வந்துவிட்டது. நாற்காலி வந்ததே தவிர, அதில் யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். வாடிக்கையாளர் பார்த்தால் மரியாதைக் குறைவு என்கிறார். வாடிக்கையாளர் யார்? பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் அம்மா வயதுப் பெண்கள்தானே. ஆள் இல்லாத மதிய நேரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு சேலை குறைவாக வாங்கிக்கொண்டு போன வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. நாற்காலியில் நீங்களே ஒருநாள் போய் அந்தப் பிரிவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற பிள்ளையையும் உட்காரச் சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கழிவறையும் அப்படித்தான். மூன்று மாடிக் கடையில் ஊழியர்களுக்கு ஒரே ஒரு கழிவறை, அதுவும் குடோனுக்குப் பின்னால், போவதற்கு டோக்கன். இதனால் தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்று வந்து லீவு போடுகிறார்கள். லீவு எதற்கு என்று சூப்பர்வைசரிடம் சொல்லவும் கூச்சம். கொஞ்ச நாளில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் பதிவேட்டில் ‘குடும்பக் காரணம்’ என்று ஏறியிருக்கும்.

வார லீவு கேட்டால் ‘அந்தக் காலத்தில் நாங்கள்’ என்று தொடங்குபவர்கள் 1908-ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பிப்ரவரியில், அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியில், கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நிற்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கோரிக்கையை இன்றைக்குக் கேட்கும் பையனுக்கு ‘சொகுசு’ என்று பெயர் வைக்கிறோம். வாரத்தில் ஒரு முழுநாள் லீவு 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சுழற்சியில் கொடுங்கள். ஆனால் யாருக்கு எந்த நாள் என்பதை மாதம் பிறக்கும் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி ‘நாளைக்கு நீ வர வேண்டாம்’ என்று சொல்லிக் கிடைக்கிற லீவில் ஒரு பிள்ளையும் எந்தத் திட்டமும் போட முடியாது.

நம் பக்கத்தில் லீவுச் சண்டையில் பாதி கோவில் கொடையால், அதாவது ஊர்க் கோவில் திருவிழாவால் வருகிறது. ஊர்க் கொடைக்கு மூன்று நாள் வராமல் போனான் என்று திட்டி, நாலாம் நாள் வந்தவனைத் திருப்பி அனுப்பி, ஆளை இழந்த முதலாளிகள் எனக்கு நிறையத் தெரியும். கொடை இல்லாமல் அவன் ஊரில் தலைகாட்ட முடியாது; பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகாமல் வீட்டில் விட மாட்டார்கள்; ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில், புரட்டாசியில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை. இதெல்லாம் திடீரென்று வருவதில்லை, தேதி முன்கூட்டியே தெரியும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளி வியாபாரமும் அதே சமயத்தில் வருவதுதான் உங்கள் கஷ்டம், புரிகிறது. வருடத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் ‘உன் ஊர்க் கொடை எப்போது’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தசராவுக்கு மாலை போடுகிறவர் தீபாவளி முடியும்வரை வேறு லீவு கேட்கக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்வார்கள். அப்புறம், நம்மூரில் ஒரு வசதி இருக்கிறது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பிள்ளையும் மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளையும் கொடைக்கு லீவு கேட்கப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஊர், ஒரே சமூகத்து ஆட்களாக எடுத்து வைத்திருக்கும் கடைக்குத்தான் ஒரே நாளில் ஆள் இல்லாமல் போகும்.

இதைச் சொன்னபிறகு சொல்லாமல் விட முடியாத இன்னொன்று. ‘எந்த ஊரு? ஊரில் எந்தத் தெரு?’ என்று இன்டர்வியூவில் கேட்பது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது சக மாணவர்கள். அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கை வாங்கியது. சாதி அடையாளமாகக் கையில் கயிறு கட்டுவதைத் தடுப்பது வரை அதில் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள்தான் உங்கள் கடைக்கு வருகிறார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் நன்றாகப் படித்த பல பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள்; சம்பளம் என்பது வெளியே சொல்கிற காரணம். கடையில் மேற்பார்வைக்கு இருப்பவர்கள் எல்லாம் ஒரே சாதி, சாப்பிடும் இடத்தில் தனித்தனிக் கூட்டம் என்றால், வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும், இங்கே நமக்கு மேலே வழியில்லை என்று. நீங்கள் எழுதி ஒட்டிய அந்தச் சம்பளப் படிநிலைத் தாளை அதற்கப்புறம் அவன் நம்ப மாட்டான்.

பெண்பிள்ளைகளை நிறுத்த வேண்டும் என்றால் கடை மூடும் நேரத்தையும் டவுன் பஸ்ஸையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 14,000 வாங்கும் பிள்ளைக்கு அது பெரிய மிச்சம். ஆனால் ஒன்பதரைக்குக் கடையை மூடி, பத்து மணிக்குக் கணக்கு முடித்து அனுப்பினால் மானூர்ப் பக்கம் போகிற பஸ் போயிருக்கும். அண்ணனோ அப்பாவோ பைக்கில் வந்து நிற்க வேண்டும். அவர்கள் நாலு நாள் நிற்பார்கள், ஐந்தாம் நாள் ‘வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்’ என்பார்கள். தூரத்துப் பிள்ளைகளை ஏழரை மணிக்கு அனுப்பி, டவுன், பேட்டை, தச்சநல்லூர்ப் பிள்ளைகளைக் கடைசி வரை வையுங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் படி கொடுங்கள். சீசன் நாட்களில் வேன் வையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013 சட்டம். குழு உறுப்பினர்களின் போன் எண்ணைச் சாப்பாட்டு அறையில் ஒட்டுங்கள். மேனேஜர் அறையில் ஒட்டிப் பிரயோஜனம் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பற்றி எல்லா முதலாளிக்கும் ஒரு புலம்பல் உண்டு: ‘குரூப் 4 எழுதப் போகிறேன் என்று போய்விடுகிறான்.’ போகட்டும் என்பேன். பாளையங்கோட்டை மைய நூலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டம் ஒழுங்காக நேரத்துக்கு வரக்கூடிய, கணக்குத் தெரிந்த கூட்டம். அவர்களுக்குத் தேவை மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வேலை, தேர்வுக்கு முன்னால் ஒரு மாதம் சம்பளமில்லா லீவு, திரும்பி வந்தால் வேலை உண்டு என்ற ஒரு வாக்கு. உங்கள் வியாபாரமே மாலை நாலிலிருந்து ஒன்பது வரைதானே! தேர்வில் ஜெயிப்பவர்கள் கொஞ்சம் பேர். ஜெயிக்காதவர்கள், லீவு கொடுத்த கடைக்குத்தான் திரும்பி வருவார்கள்.

பிடித்து வைத்து நிறுத்துகிற வழிகளைத் தயவுசெய்து யாரோ சொன்னார்கள் என்று எடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பது, ஒரு மாதச் சம்பளத்தை ‘டெபாசிட்’ என்று நிறுத்துவது, மூன்று வருடம் முடிந்தால்தான் மொத்தத் தொகை என்பது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து மில்களுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது கடைசி வகை. அதன் பெயர் எவ்வளவு கெட்டது என்பது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் நர்ஸுகளின் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா ஊர் ஆட்களோடு வந்து நின்று, போலீஸ் ஸ்டேஷன் வரை போய்த்தான் அது வெளியே வந்தது. அதற்கப்புறம் நர்சிங் கல்லூரிகளிலிருந்து அங்கே விண்ணப்பமே வரவில்லை. போனஸிலும் இதே புத்தி வேலை செய்கிறது: தீபாவளியன்று வேலையில் இருப்பவருக்கு மட்டும்தான் என்பார்கள். சட்டப்படி அந்தக் கணக்கு வருடத்தில் முப்பது வேலை நாள் பார்த்திருந்தாலே, பார்த்த நாளுக்கு ஏற்றபடி, 8.33 சதவீதத்துக்குக் குறையாமல் போனஸ் உண்டு.

ஆள் எடுக்கும் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘ஆட்கள் தேவை’ ஒட்டுவதைவிட, சம்பளத் தொகை, வேலை நேரம், வார லீவு மூன்றையும் வெளிப்படையாகப் போட்டு ஒரு வாட்ஸ்அப் படம் தயார் செய்து உங்கள் ஊழியர்களிடம் கொடுங்கள். ‘தகுதிக்கேற்ற சம்பளம்’ என்று போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தப் படத்தைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைக்க உங்கள் ஊழியர்கள் தயங்கினால், காரணத்தை வெளியே தேட வேண்டாம். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள், அரசின் தனியார் வேலை இணையதளம் இரண்டும் இலவசம், அங்கேயும் பதியுங்கள்.

எல்லாரும் பத்து வருடம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பிள்ளை இரண்டரை, மூன்று வருடம் நன்றாக வேலை பார்த்தால் இன்றைய நிலவரத்தில் அது நல்ல கணக்கு. போகும்போது அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள். பிரசவத்துக்குப் போன பெண்ணுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு போன் போடுங்கள், பத்திலிருந்து நாலு வரை வரச்சொல்லி.

இதில் எதை முதலில் செய்வது என்று கேட்பீர்கள். கடைசியாக வேலையை விட்ட பத்துப் பேரின் பெயரையும் எண்ணையும் எடுங்கள். நீங்கள் பேசினால் ‘ஒன்றுமில்லை அண்ணாச்சி, வீட்டில் கொஞ்சம் பிரச்சினை’ என்றுதான் சொல்வார்கள். மேனேஜரைப் பேச விட்டால் அதுவும் வராது. கடைக்குச் சம்பந்தமில்லாத, அவர்கள் வயதை ஒத்த ஒருவரை, உங்கள் மகளோ மருமகளோ இருந்தால் அவரை, பேசச் சொல்லுங்கள். பஸ், கொடை, கால்வலி, சம்பளத் தேதி என்று காரணங்கள் கலந்து வந்தால் மேலே சொன்னதை ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். பத்துப் பேரில் ஐந்து பேர் ஒரே சூப்பர்வைசரின் பெயரைச் சொன்னால், வாடிக்கையாளர் முன்னால் ‘ஏலே மூதி’ என்று அவர் கத்தியதைச் சொன்னால், நாற்காலியும் சம்பளத் தாளும் அப்புறம். முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் சரி.